காற்றா, பேட்டரியா? அடுக்குமாடி வீட்டுக்கு எந்த நெயில் கன்?

சிங்கப்பூரில், வீவக கட்டிய அடுக்குமாடியில் இருக்கும் எங்கள் நாலறை வீட்டின் பாம் ஷெல்டரில் (பதுங்கு அறை) அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே ஓர் ஏர் கம்பிரசர் உட்கார்ந்திருக்கிறது. காற்றை அழுத்தித் தொட்டியில் நிரப்பி, அந்த விசையில் ஆணி அடிக்கும் கருவியான நெயில் கன்னை இயக்குவது அது. ஆசைப்பட்டு வாங்கியது நான்தான். "ஏங்க, இத எப்பத்தான் எடுப்பீங்க?" என்று வீட்டில் கேட்காத மாதம் இல்லை. போன வருடம் பேட்டரியில் ஓடும் நெயில் கன் ஒன்றும் வந்து சேர்ந்தது. பூசை அலமாரி, கட்டிலடி டிராயர், ஷூ ரேக் என்று இரண்டிலும் அடித்துப் பார்த்துவிட்டேன்.

இரண்டும் 18 கேஜ் பிராட் ஆணி, அதாவது சின்னத் தலையுள்ள மெல்லிய ஆணி, போடுபவை. ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடையில் 'எஃப் 30' என்று கேட்டால் 30 மி.மீ. ஆணிப் பெட்டியை எடுத்துத் தருவார்கள். வீட்டு மரவேலைக்கு 15 முதல் 50 மி.மீ. வரை போதும்.

கையில் பிடிக்கும் சுகத்தில் காற்று நெயில் கன்தான் ஜெயிக்கிறது. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மூக்கு ஒல்லி, மூலையில் எளிதாக நுழையும். விசையை அழுத்திய நொடியில் ஆணி உள்ளே. நியாத்தோ மாதிரி கொஞ்சம் கெட்டியான மரம் என்றால் அழுத்தத்தை 70 பிஎஸ்ஐயிலிருந்து 90, 100 என்று ஏற்றிக்கொள்ளலாம். ஆணித்தலை மரத்துக்குள் அழகாகப் பதியும்.

தொல்லையெல்லாம் பின்னால் வரும் குழாயிலும் அது போய் முடியும் தொட்டியிலும்தான். நம் ஊர்க் காற்றில் ஈரம் சராசரியாக எண்பது சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அந்தக் காற்றை அழுத்தினால் தண்ணீர் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். நான் அடி வால்வைத் திறக்காமல் சில மாதம் விட்டுவிட்டேன். திறந்தபோது தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் துருத்தண்ணீர் ஒரு கோப்பை அளவுக்கு வந்தது. வேலை முடிந்ததும் காற்றை இறக்கி, தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

அப்புறம் சத்தம். வீவக வீடுகளில் புதுப்பிப்பு வேலையைத் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரைதான் செய்யலாம். சுவர் உடைப்பது போன்ற இரைச்சல் வேலை என்றால் வாரநாளில் 9 முதல் 5 வரை மட்டுமே. ஞாயிறும் பொது விடுமுறையும் கூடவே கூடாது. ஷூ ரேக் செய்வதெல்லாம் அந்தக் கணக்கில் வருமா என்று வாதாடலாம்தான். கீழ்வீட்டுப் பாட்டியிடம் போய் வாதாட முடியாது. ஆணி அடிக்கும் 'டக்' ஒரு நொடியில் போய்விடும். கம்பிரசரோ தொட்டி நிரம்பும்வரை விடாமல் உறுமும்.

பேட்டரி ரகத்தில் அந்த உறுமல் கிடையாது. பத்து ஆணி அடிக்கப் பத்து நிமிடம் ஆயத்தம் செய்யவும் வேண்டாம். எடைதான் இடிக்கிறது: பேட்டரியோடு இரண்டரை, மூன்று கிலோ. தலைக்கு மேல் தூக்கி அடித்தால் கால் மணியில் தோள் வலிக்கும். என்னுடையது சுழல்சக்கர வகை, உள்ளே வேகமாகச் சுற்றும் சக்கரத்தின் விசையில் ஆணி அடிப்பது. சக்கரம் வேகம் பிடிக்க ஒரு கணம் எடுக்கும், கெட்டி மரத்தில் சில ஆணி தலைதூக்கி நிற்கும். ஏற்கெனவே பேட்டரி டிரில் வைத்திருப்பவர்கள் அதே பிராண்டில் வாங்கினால் பேட்டரிச் செலவு மிச்சம்.

பிளக்கில் சொருகும் மலிவான மின்சார ரகம்? பிளைவுட்டில் சின்ன ஆணிக்குச் சரி. மற்றதற்கு வேண்டாம்.

கேஸ் டப்பா போட்டு 90 மி.மீ. ஆணி அடிக்கும் பெரிய ரகங்கள் மரச்சட்டத்தில் வீடு கட்டும் நாடுகளுக்கானவை. வீடியோவில் அவர்கள் சுவரில் டக் டக்கென்று அடிப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நம் சுவர் கான்கிரீட், பிராட் ஆணி அதில் மடங்கித் தெறிக்கும். ஸ்கர்ட்டிங்கை (சுவரின் அடியோரப் பலகை) ஒட்டப் பசைதான். அலமாரியிலும் பாரத்தைத் தாங்குவது மரப்பசையே. அது காயும்வரை பலகையைப் பிடித்துக்கொள்வதுதான் ஆணியின் வேலை.

எதை வாங்கினாலும் விசை முறையைப் பாருங்கள். விசையை அழுத்தியபடியே மூக்கு படும் இடமெல்லாம் சுடும் முறையில் காயம்படும் வாய்ப்பு, ஒவ்வொரு முறையும் மூக்கை வைத்துப் பிறகு அழுத்தும் முறையைவிட இரு மடங்கு என்று அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட கையேடு சொல்கிறது. வீட்டுக்கு இரண்டாவது முறையே போதும். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒருமுறை டிராயர் பக்கப் பலகையில் அடித்த 50 மி.மீ. ஆணி மரரேகையில் வளைந்து பக்கவாட்டில் வெளியே வந்து, என் கட்டைவிரல் நகத்தை உரசி நின்றது. பலகையைப் பிடிக்கும் கை ஆணியின் நீளத்தைவிட நன்றாகத் தள்ளியே இருக்கட்டும். ஆணி சிக்கினால் முதலில் குழாயைக் கழற்றுங்கள், அல்லது பேட்டரியை உருவுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடவே வேண்டாம்.

தரைவீட்டில் இருந்துகொண்டு வாராவாரம் மரவேலை செய்பவருக்குக் காற்று ரகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அடுக்குமாடியில், சனிக்கிழமை மட்டும் சாமான் எடுப்பவருக்குப் பேட்டரி. என் கம்பிரசர் இப்போது மகனின் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறது, அதுவும் பாட்டி சந்தைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து.