ஆறு வருஷ பேட்டரியும் அந்தக் கோடையும்: பவளப்பாறை வெப்பநிலை லாகர் பற்றி

லட்சத்தீவில் பவளப்பாறை ஆய்வு தொடங்கப்போகும் நண்பர் ஒருவர் கேட்டார்: “அண்ணே, நீங்க மன்னார் வளைகுடாவுல கட்டியிருக்கிற அதே லாகர் இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கிரலாமா?” வாட்ஸாப்பில் ரெண்டு வரி எழுத ஆரம்பித்தேன். கோபம் அடங்கவில்லை, நீண்டுவிட்டது. எனவே எல்லாருக்குமாக இங்கே. லாகர் என்றால், தண்ணீருக்கடியில் கட்டிவிட்டால் வெப்பநிலையைத் தானே பதிந்துகொண்டிருக்கும் சின்னக் கருவி.

கம்பெனிப் பெயர் எழுதப்போவதில்லை. இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பார்த்தாலே தெரியும். எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்பதெல்லாம் விவரத்தாளில் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாறைகளில் பெரும்பாலானவை அரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குள்தான். ஆழம் எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதன் துல்லியம் கூட்டிக் குறைத்து 0.2 டிகிரி. கடைக்காரர் இதை ஒரு எண்ணாகச் சொல்வார், பவளத்துக்கு அது உயிர்க்கணக்கு. ஓர் இடத்தில் வருஷத்தின் மிகச் சூடான மாதத்துக்கு வழக்கமான சராசரி எவ்வளவோ, அதைவிட ஒரே ஒரு டிகிரி கூடி நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும், அதாவது தன்னுள் வாழும் பாசியை இழந்து நிறம் போகும். அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா செயற்கைக்கோளை வைத்து விடுக்கும் எச்சரிக்கையும் இந்த ஒரு டிகிரிக் கோட்டில்தான் நிற்கிறது. கோட்டைத் தொட்ட, தாண்டிய நாட்களில் அந்தச் சராசரியைவிடக் கூடியிருந்த சூட்டைப் பன்னிரண்டு வாரத்துக்குக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டல் 4 டிகிரி-வாரம் வந்தால் நிறைய வெளுக்கும், 8 வந்தால் சாகத் தொடங்கும். அந்த ஒரு டிகிரியை அளக்கப் போய், அரை டிகிரி தப்புச் சொல்லும் மலிவு லாகரைக் கட்டினால் பாதிக் கணக்கை அதுவே தின்றுவிடும். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

செயற்கைக்கோள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனமும் மன்னார் வளைகுடாவுக்கு வெளுப்பு எச்சரிக்கை தருகிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் நோவாவின் செயற்கைக்கோள் வரைபடத்தில் கட்டம் ஒன்று ஐந்து கிலோமீட்டர் அகலம். அதற்குள் பாறை, கடற்புல், சேறு, ஆழமான தண்ணீர் எல்லாம் அடங்கிவிடும். அளப்பதும் கடலின் மேல்தோலை, அதுவும் ராத்திரிக் கணக்கு. ஏப்ரலில் காற்று செத்து, கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும் மத்தியானத்தில் இடுப்பளவுத் தண்ணீருக்குள் பவளம் என்ன பாடுபடுகிறது என்பது அதன் பக்கத்தில் கட்டிய லாகருக்குத்தான் தெரியும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷமும் இதே இடத்தில்தான் கிடைத்தது. வாங்கியது வெளுப்பைப் பிடிக்க. கிடைத்தது காற்றின் நாட்குறிப்பு. மே கடைசியில் கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) எழும்பியதும் தண்ணீர் கலங்கிக் குளிரும் என்று எங்கள் படகோட்டி அண்ணன் சொல்வார். வரைபடத்தைத் திறந்தால் அது அப்படியே இருக்கிறது: ஏறிக்கொண்டே வந்த கோடு கச்சானோடு மடங்கி இறங்குகிறது. ஒரு வருஷம் கச்சான் முந்தி வந்தால் பவளம் தப்பிக்கும், பிந்தினால் போச்சு. 2020 டிசம்பரில் புரெவி புயல் ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்தில் நகராமல் நின்றதே, அந்த நாட்களில் கோடு படிக்கட்டு இறங்குவது போல விழுந்திருந்தது. நீவாடு (கடல் நீரோட்டம்) திரும்பும் நேரம்கூடச் சின்னச் சின்ன நெளிவாகத் தெரியும். சாயங்காலம் கணினி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

பராமரிப்பு பற்றிக் கொஞ்சம். வெள்ளை பிவிசி குழாயை நெடுக்குவாட்டில் பிளந்து கூரையாகக் கட்டுங்கள். தெளிந்த தண்ணீரில் வெயில் நேரே பட்டால் லாகரின் உடம்பே சூடாகி, கடலைவிடக் கூடுதலாகக் காட்டும். கொட்டலசும் (ஒட்டிக்கொண்டு வளரும் ஓட்டு உயிர்) பாசியும் ஏறத்தான் செய்யும். வெப்பநிலைக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை, சுரண்டிவிட்டால் போதும். ஒளியையும் அளக்கும் மாடல் மட்டும் வேண்டாம். சில வாரத்திலேயே அதன் கண்ணைப் பாசி மூடிவிடும், அப்புறம் அது சொல்வதெல்லாம் பாசியின் கதை. தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கயிறுகூடக் கட்ட முடியாது, அதற்கான காலத்தையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

இனி பேட்டரி.

உள்ளே வைத்து ஒட்டி மூடிவிட்டார்கள், நாம் மாற்ற முடியாது. “ஆறு வருஷம்” என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. 2019 கடைசியில் கட்டினோம். 2024 பிப்ரவரியில் எடுத்து, தகவலை இறக்கி, பேட்டரி நன்றாக இருப்பதாக மென்பொருள் காட்டியதைப் பார்த்துத்தான் மறுபடி கட்டினோம். ஏப்ரல் 15 அன்று உலகின் நான்காவது பெரும் பவள வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக நோவா அறிவித்தது. லட்சத்தீவிலும் பவளம் பெருமளவில் வெளுத்தது. இங்கே கச்சான் தொடங்கிவிட்டால் மன்னார் வளைகுடாப் பக்கம் முங்க முடியாது; கடல் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அக்டோபரில் எடுத்தால் விளக்கு மினுக்கவில்லை.

நினைவகத்தில் தகவல் இருக்கும், ஆனால் அதைப் படிக்க அந்தச் செத்த பேட்டரியின் மின்சாரம்தான் வேண்டும்! வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். கூரியர், சுங்கத் தாள்கள், மீட்புக் கட்டணம். கடைசியில் வந்த கோப்பு ஏப்ரல் கடைசியோடு நிற்கிறது. மே மாதம் இல்லை. எந்த மாதத்துக்காக இதை வாங்கினோமோ அந்த மாதம் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் சூட்டில் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பது உண்மை. பத்து நிமிஷத்துக்கு ஒரு பதிவு என்று வைத்ததால் வருஷத்துக்கு 52,560 பதிவுகள், அதுவும் சுமைதான். கம்பெனியும் இதைத்தான் எழுதியது: “வெதுவெதுப்பான நீரில் ஆயுள் மாறுபடலாம்.” விளம்பரப் படத்தில் பவளத்தைப் போட்டு விற்பவர்கள் எழுதும் பதிலா இது? பவளம் என்ன இமயமலை ஏரியிலா வளர்கிறது?

2016 கோடையில் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக இறங்கியதைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் பதிவு செய்தார்கள். அப்படியொரு கோடை திரும்ப வரும்போது கையில் எண் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடும். ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் பக்கம் டேவிஸ் பவளத் திட்டில் வானிலை நிலையமே நட்டிருக்கிறார்கள். காற்று, அழுத்தம், வெளிச்சம், தண்ணீரின் சூடு எல்லாம் கரைக்கு வந்துகொண்டே இருக்கும், இங்கே மண்டபம் ஊரில் உட்கார்ந்து நானே பார்க்கலாம். அங்கே ஒரு கருவி படுத்தால் அன்றைக்கே தெரியும். என்னுடையது செத்தது அக்டோபரில்தான் தெரிந்தது. அந்த நிலையத்தின் செலவு நமக்குக் கட்டாது என்பதும் தெரியும். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

ஆகவே தம்பி, வாங்காதே. பேட்டரி மாற்றக்கூடிய அந்த அரை டிகிரி மாடலையே வாங்கு. மேலே அதைத் திட்டியவனும் நானேதான், எடுத்துக்காட்டத் தேவையில்லை. அரை டிகிரிப் பிசகையாவது கரையிலேயே கண்டுபிடித்துக் கழித்துக்கொள்ளலாம், இல்லாத மே மாதத்தை எதிலிருந்து கழிப்பது?

கட்டும் முன்னும் எடுத்த பின்னும் ஐஸ் தண்ணீரில் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா பார். மீன் கம்பெனி ஐஸ் வேண்டாம், உப்பு கலந்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகும். காய்ச்சி வடித்த தண்ணீரில் நீயே ஐஸ் போட்டு நொறுக்கிக்கொள். பிறகு முப்பது டிகிரிப் பக்கம் ஒரு வாளி வெந்நீரில், அளவு சரிபார்த்த வெப்பமானியோடு சேர்த்து இன்னொரு தடவை. ஒரே பாறையில் ரெண்டு லாகர் கட்டு. பிப்ரவரியில் எடுக்கும்போது மென்பொருள் என்ன சொன்னாலும் புது பேட்டரி போடு. ரப்பர் வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவிவிட்டு மூடு.