புது எஸ்எஸ்டியில் விண்டோஸ்: பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கட்டுமா, கழற்றிவிடலாமா?

பழைய ஹார்ட் டிஸ்கில் ஓடும் டெஸ்க்டாப்பில் ஓர் எஸ்எஸ்டியைச் சேர்த்து, விண்டோஸை அதற்கு மாற்ற மூன்று வழிகள் உண்டு. இரண்டு டிஸ்கும் மாட்டியிருக்கும்போதே புதியதில் நிறுவலாம். பழையதைக் கழற்றிவிட்டு நிறுவலாம். அல்லது பழையதில் இருப்பதை அப்படியே புதியதற்கு க்ளோன் எடுக்கலாம். வீட்டு கம்ப்யூட்டருக்கு நான் செய்தது இரண்டாவது. கேட்பவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

வேகத்தில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை, எப்படி நிறுவினாலும் அதே எஸ்எஸ்டிதானே. செலவும் ஒன்றுதான். வேலை குறைவு என்று பார்த்தால் முதல் வழிதான் சுலபம். விண்டோஸ் இன்ஸ்டாலர் உள்ள பென் டிரைவைச் செருகி, புது டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, நெக்ஸ்ட் அழுத்திக்கொண்டே போனால் முடிந்துவிடும். அன்றைக்கு எந்தக் குறையும் தெரியாது. சிக்கல் பின்னால்தான் வரும்.

யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) முறையில் தொடங்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸைக் கிளப்பிவிடும் பூட் ஃபைல்கள் சி டிரைவில் இருப்பதில்லை. ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று தனியாக ஒரு சின்னப் பகுதி, பெரும்பாலும் 100 எம்பி அளவில், ஃபேட்32 வடிவில் இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் அது கண்ணில் படாது. புது டிஸ்கில் விண்டோஸ் நிறுவும்போது, பழைய டிஸ்கில் இப்படி ஒரு பகுதி ஏற்கெனவே இருந்தால், இன்ஸ்டாலர் பல நேரம் புதிதாக ஒன்றை உருவாக்குவதில்லை. பூட் ஃபைல்களைப் பழையதிலேயே எழுதிவிட்டுப் போய்விடும். ஆக, விண்டோஸ் ஒரு டிஸ்கில், அதைக் கிளப்பும் சாவி இன்னொரு டிஸ்கில்.

இரண்டும் மாட்டியிருக்கும் வரை எல்லாம் சரியாக ஓடும். பழைய டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் நாளில், அல்லது அதுவே செத்துப்போகும் நாளில், திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்து நிற்கும். விண்டோஸ் முழுசாக எஸ்எஸ்டியில் பத்திரமாக இருக்கும், ஆனால் தொடங்காது. எஸ்எஸ்டிதான் போய்விட்டது என்று நினைத்து அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. யோசித்துப் பாருங்கள்: இரண்டில் முதலில் சாகக்கூடியது பெரும்பாலும் பல வருடம் சுற்றித் தேய்ந்த அந்தப் பழைய டிஸ்க்தான். அதை நம்ப முடியாமல்தான் புதியதையே வாங்குகிறோம். கம்ப்யூட்டர் தொடங்குவதையே மறுபடி அதன் தலையில் கட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

உங்கள் கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடலாம். விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழே டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று ஒவ்வொரு டிஸ்கும் ஒரு வரிசையாகத் தெரியும். சி டிரைவ் இருக்கும் அதே வரிசையில் ஈஎஃப்ஐ பகுதியும் இருந்தால் கவலை இல்லை. மற்ற டிஸ்கின் வரிசையில் மட்டும் இருந்தால், மேலே சொன்ன நிலைமைதான்.

கழற்றிவிட்டு நிறுவும் வழியில் இந்தக் குழப்பமே கிடையாது. பவர் கேபிளை சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளை மட்டும் உருவினால் போதும். இன்ஸ்டாலருக்கு ஒரே டிஸ்க்தான் தெரியும் என்பதால், எல்லாவற்றையும் அதிலேயே எழுதும். விண்டோஸ் ஒழுங்காகத் தொடங்குகிறது என்று பார்த்தபின் அணைத்துவிட்டு, கேபிளைத் திரும்பச் செருகலாம். அப்புறம் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையில்) விண்டோஸ் பூட் மேனேஜர் இரண்டு இடத்தில் தெரியலாம். எஸ்எஸ்டியின் பெயர் பக்கத்தில் இருப்பதை முதலில் வையுங்கள். இதில் இன்னொரு வசதி, பழைய விண்டோஸ் கைபடாமல் அப்படியே இருக்கிறது. ஏதாவது ஒரு சாஃப்ட்வேரின் செட்டிங்கை எடுக்க மறந்திருந்தால், பூட் மெனுவில் பழைய டிஸ்கைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் எடுத்துவரலாம். ஆசுஸ் மதர்போர்டுகளில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11, கிகாபைட்டில் எஃப்12 அழுத்தினால் அந்த மெனு வரும். எல்லாம் வந்துவிட்டது என்ற நிம்மதி வந்தபின் பழையதை ஃபார்மேட் செய்துகொள்ளலாம்.

திரும்ப மாட்டிய பழைய டிஸ்க் கண்ணிலேயே படவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம். பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் (கேபிள் இல்லாமல் எஸ்எஸ்டியை நேராக மதர்போர்டில் செருகும் இடம்) எஸ்எஸ்டி செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது. எந்தப் போர்ட்டுகள் என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

க்ளோன் எடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன். கடைக் கணக்கு, பழைய பிரிண்டர் டிரைவர் என்று மறுபடி நிறுவவே முடியாத சாமான்கள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அதுதான் சரி. ஆனால் அதிலும் கழற்றும் வேலை தப்பாது. இரண்டு டிஸ்குக்கும் ஒரே அடையாள எண் வந்துவிட்டால், விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் போட்டுவிடும், அதாவது அதைப் பயன்படுத்த விடாது. அதனால் க்ளோன் முடிந்ததும் முதல் தடவை புது டிஸ்கை மட்டும் வைத்துத்தான் தொடங்க வேண்டும். டிஸ்கைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் முறைகளில் எம்பிஆர் பழையது, ஜிபிடி புதியது. பழைய டிஸ்க் எம்பிஆர் முறையில் இருந்தால் க்ளோனும் பெரும்பாலும் அப்படியே வரும், அதை ஜிபிடிக்கு மாற்றுவது தனி வேலை. க்ளோன் விஷயத்தில் என் கைப்பழக்கம் குறைவு. லேப்டாப்பில் இந்த மூன்றையுமே செய்து பார்த்ததில்லை, நான் சொல்வது டெஸ்க்டாப்புக்கு மட்டும்.

ஏற்கெனவே முதல் வழியில் நிறுவிவிட்டவர்கள் விண்டோஸை மறுபடி போட வேண்டியதில்லை. சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, கிடைத்த இடத்தில் விண்டோஸிலேயே உள்ள டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவி மூலம் ஓர் ஈஎஃப்ஐ பகுதியை உருவாக்கி, ஃபேட்32ஆக ஃபார்மேட் செய்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் ஃபைல்களை அங்கே எழுதலாம். பிறகு பழைய டிஸ்கின் கேபிளை உருவிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள், அப்போதுதான் மாறியதா என்பது உறுதியாகும். டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் இதில் கை வைக்கும் முன் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, 48 இலக்க ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.