விமானம் ரத்தானால் யாரிடம் போவது? திருவனந்தபுரம் வழியாகப் பயணிக்கும் குமரி மக்களுக்கான ஒப்பீடு

களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் பகுதிகளிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு மாநில எல்லைக்கு அப்பாலுள்ள திருவனந்தபுரமே பக்கத்து விமான நிலையம். விமானம் ரத்தானால் அவர்கள் உதவி கேட்க ஊரிலுள்ள டிராவல்ஸ் ஏஜென்ட், நிலையத்தில் விமான நிறுவனத்தின் கவுண்டர், வாடிக்கையாளர் சேவை எண் அல்லது செயலி, கடைசியாக அரசின் புகார் அமைப்புகள் எனப் பல வழிகள் இருக்கின்றன. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் விமானப் பணியாளர்கள் பலர் ஒரே நேரத்தில் உடல்நலக் குறைவு என்று விடுப்பு எடுத்ததால் கேரளத்திலிருந்து புறப்படவிருந்த வளைகுடா விமானங்கள் ரத்தானபோது, விசா முடியும் நாளும் வேலையில் சேர வேண்டிய நாளும் நெருங்கியிருந்தவர்கள் எவ்வளவு தவித்தார்கள் என்பதை இந்த வட்டாரம் அறியும். அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் வேண்டியது இருக்கை. பணம் அதற்கு அடுத்தது. இரண்டையும் ஒரே இடத்தில் கேட்பதால்தான் பலர் இரண்டையும் இழக்கிறார்கள்.

இங்கே பெரும்பாலோர் டிக்கெட் எடுப்பது டிராவல்ஸில்தான். பழகிய முகம், கடனுக்கும் கிடைக்கும், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைப் பிழையில்லாமல் பதிவு செய்து தருவார்கள் என்ற நம்பிக்கை உண்டு. தேதி மாற்ற வேண்டும் என்றாலும், அவர் வழங்கிய டிக்கெட்டை அவரே தம் கணினியில் மாற்றித் தருவது எளிது. நிறுவனத்தை அழைத்தால் பல நேரங்களில் "உங்கள் ஏஜென்டிடம் கேளுங்கள்" என்றே பதில் வரும். ஆனால், பதிவில் பயணியின் எண்ணுக்குப் பதிலாக ஏஜென்டின் எண்ணே இருந்தால் நேர மாற்றம் பற்றிய குறுஞ்செய்தி கடைக்குப் போய்விடும். பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு (சுவாமியை நீராட்டக் கடலுக்குக் கொண்டுபோகும்) ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து செல்வதால், ஆண்டுக்கு இருமுறை திருவனந்தபுரம் ஓடுபாதை மாலையில் சில மணி நேரம் மூடப்படுகிறது. அன்றைய விமானங்களின் நேரம் முன்கூட்டியே மாற்றப்பட்டாலும், செய்தி வராதவர் பழைய நேரத்துக்கே வந்து நிற்பார். போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு ரத்துக்கான இழப்பீடு கிடையாது என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதியே சொல்கிறது. ஆகவே ஏஜென்டிடம் டிக்கெட் எடுப்பதில் தவறில்லை. சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவில் சேர்க்கச் சொல்லி, பி.என்.ஆர். சீட்டில் அவை இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

ரத்து என்று நிலையத்துக்குப் போன பிறகு தெரிந்தால், என் மதிப்பீட்டில் கவுண்டருக்கு இணையான வழி வேறில்லை. அடுத்த விமானத்திலோ கொச்சியிலிருந்து புறப்படும் விமானத்திலோ இடம் மாற்றித் தரும் அதிகாரம் அங்கே இருக்கிறது. உள்ளூர்ப் பணியாளர்களிடம் மலையாளத்திலேயே பேசிவிடலாம் என்பது எல்லைப்புறத் தமிழர்களுக்குக் கூடுதல் வசதி. இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்குமிடம் தர வேண்டும் என்பது விதி; வளைகுடா விமானங்களில் பல இரவு நேரத்தவை என்பதால் இந்த விதியைச் சொல்லித் தங்குமிடம் கேட்கலாம். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன், விமானம் ரத்தானதைக் காரணத்தோடு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விடுப்பில் வந்தவர் வேலைக்குத் திரும்புவதற்கான மறுநுழைவு விசாவின் கடைசி நாள் நெருங்கியவருக்கு அங்குள்ள முதலாளியிடம் காட்ட அந்தத் தாள் உதவும்.

தொலைபேசியும் செயலியும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ரத்து தெரிந்தவருக்கே ஏற்றவை. செயலியில் 'பணம் திரும்பப் பெறுக', 'வேறு விமானம்' என இரண்டு பொத்தான்கள் வந்தால் அவசரத்தில் முதலாவதை அழுத்திவிடக் கூடாது. அதை அழுத்தியதும் பழைய பதிவு முடிந்துபோகும். புது டிக்கெட்டை அன்றைய விலைக்கே வாங்க வேண்டியிருக்கும். சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுப்பதும் ஆபத்து. போலி எண்களை வைத்து வங்கி விவரம் பறிக்கும் கூட்டம் அங்கே காத்திருக்கிறது. டிக்கெட்டிலோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ உள்ள எண்ணை மட்டுமே அழைக்க வேண்டும்.

பணத்துக்கு வழி எழுத்துதான். 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்காமல் ரத்து செய்தால், 2 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய் அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் குறைவானது இழப்பீடாகும். வானிலை, போர் போன்ற நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு இது பொருந்தாது. கவுண்டரில் காரணத்தை எழுதி வாங்கச் சொன்னது இதற்காகவும்தான். முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் திருப்தியில்லை என்றால் 2016-இல் மத்திய அரசு தொடங்கிய ஏர்சேவா தளத்திலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். இவ்விரண்டுக்கும் செலவில்லை, ஆனால் இழப்பீடு தரும்படி உத்தரவிடும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கே உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், விமானம் கேரளத்திலிருந்து புறப்பட்டாலும் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையமே போதும். அதற்கான கால வரம்பு 2 ஆண்டுகள். விடுப்புக்கு அடுத்த முறை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தக் காலம் கடந்துவிடக்கூடும் என்பதால், வெளிநாட்டிலிருந்தே மின்னணு முறையில் தாக்கல் செய்துவிடுவது நல்லது.