சபை மாத இதழ்: ஒரு வருடச் சந்தா அனுபவம்

போன ஜனவரியில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசலில் மேஜை போட்டுச் சந்தா எழுதிக்கொண்டிருந்தார்கள். வருடத்துக்கு 200 ரூபாய். சபைப் போதகரான ஐயரே பக்கத்தில் நின்று கேட்கும்போது எப்படி மறுப்பது? காணிக்கையோடு காணிக்கையாகப் போகட்டும் என்று கட்டிவிட்டேன்.

அரசரடியில் இருக்கும் எங்கள் வீட்டில் அதை வரி விடாமல் படிப்பது அம்மாதான். முதலில் பிரிப்பது கடைசிப் பக்கத்தை: யார் வீட்டில் கல்யாணம், யார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று. அப்புறம்தான் தியானக் கட்டுரை. எனக்குப் பிடித்தது பழைய சபை வரலாற்றுத் தொடர். 1834-இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்ததிலிருந்து ஆரம்பித்து, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நிதானமாகப் போகிறது. பிரசங்கங்கள் மட்டும் கொஞ்சம் நீளம்; ஞாயிற்றுக்கிழமை கேட்டதையே மறுபடி படிப்பது போல இருக்கிறது. எழுத்தும் பொடி. அம்மா பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறார்.

பெரிய குறை தபால். ஈஸ்டர் இதழ் ஈஸ்டர் முடிந்து ஒன்பது நாள் கழித்து வந்தது. ஜூலை இதழ் வரவே இல்லை. சாதாரணத் தபால் என்பதால் எங்கே போனது என்று தேடவும் வழியில்லை. வந்த இதழ்களிலும் முகவரிச் சீட்டை அட்டைப்பட முகத்தின் மேலேயே ஒட்டியிருந்தார்கள்.

இந்த வருடமும் கட்டியிருக்கிறேன். ஆனால் தபாலில் வேண்டாம், சபையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி இதழ் முதல் ஞாயிறே கைக்கு வந்துவிட்டது.