திருச்செந்தூர், வேதாரண்யம், தனுஷ்கோடி: கடலோரத்தில் சைக்கிள் ஓட்ட எந்தச் சாலை?

தமிழ்நாட்டுக் கடற்கரையில் ரோடு பைக் (மெல்லிய டயர் கொண்ட வேகச் சைக்கிள்) ஓட்ட அமைதியான சாலை எது என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வரும். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை, ஏறக்குறைய 65 கி.மீ. திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு, உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி, சுமார் 90 கி.மீ. மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறி ராமேசுவரம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை, ஒரு வழி சுமார் 40 கி.மீ.

மூன்றிலும் சொல்லிக்கொள்ளும்படி ஏற்றம் கிடையாது. அதனால் பலரும் தூரத்தை மட்டும் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். கடலோரத்தில் அந்தக் கணக்கு பலிக்காது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு 20 கி.மீ. எதிர்காற்று அடித்தால், அவர் வெட்டிப்போக வேண்டியது 45 கி.மீ. காற்றை. காற்றின் தடை மூன்று மடங்குக்கும் மேலே ஏறிவிடும். சமவெளியில் 90 கி.மீ. ஓட்டுகிறவர் 50-லேயே ஓய்ந்துபோவது இதனால்தான். முதலில் மாதம், அடுத்து திசை, அதற்குப் பிறகுதான் சாலை.

நாகை – கோடியக்கரை

நீண்ட தூரத்துக்குப் புதியவர்களுக்கு இதுதான் ஏற்ற சாலை, ஆனால் தை, மாசியில் மட்டும். அப்போது வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்; தெற்கே போகிறவருக்கு முதுகில் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். ஆனி, ஆடியில் காலையில் மேற்கிலிருந்து மேல்காற்று, மதியத்துக்கு மேல் கடல்காற்று என்று இரண்டு பக்கமும் மாறி மாறி அடிக்கும்.

வேளாங்கண்ணி வரை வண்டி நடமாட்டம் உண்டு. அதைத் தாண்டித் திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு, புஷ்பவனம் என்று போகப்போகக் குறைந்துகொண்டே வரும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய பகுதி இது. தென்னையும் சாலையோர மரங்களும் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. பழைய நிழலை நம்பிப் போக வேண்டாம். பத்து மணிக்கு மேல் வெயில் நேராகத் தலையில் இறங்கும்.

இங்கே தொல்லை தருவது வைக்கோல். சம்பா அறுவடை நடக்கும் அதே தை, மாசியில் நெல்லைச் சாலையிலேயே காயப்போடுவார்கள். நெல்லின் மேல் டயர் உருளும்போது பிரேக் பிடித்தால் சைக்கிள் வழுக்கிவிடும். வைக்கோல் இழை பின்சக்கரத்தின் பல்சக்கரத்துக்கும் ஸ்போக்குக்கும் நடுவே சுற்றிக்கொள்ளும். கியர் தானாகத் தாவ ஆரம்பித்தால் உடனே நிறுத்திப் பாருங்கள். மிதித்துக்கொண்டே போனால் டீரெய்லரைச் (கியர் மாற்றும் கருவி) சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளையும், உடைந்தும் போகலாம். அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறிய இடத்தில் சேறு காய்ந்து கட்டியாகக் கிடக்கும்.

வேதாரண்யம் தாண்டி அகஸ்தியம்பள்ளியில் உப்பளம் தொடங்குகிறது. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம், நினைவுத்தூண் இருக்கிறது. உப்பு லாரியிலிருந்து ஒழுகும் நீர் செயினில் தெறித்தால் மறுநாளே துரு கட்டும். அன்று இரவே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டாக வேண்டும். கோடியக்காட்டு வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு அப்பால் வெளிமான் சாலையைக் கடக்கும். குரங்குகள் கையில் இருக்கும் பழத்தையே பறிக்கும், பையைச் சும்மா விடாது.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாட்களில் சாலை பாதயாத்திரை வருகிறவர்களுடையது.

திருச்செந்தூர் – கன்னியாகுமரி

மூன்றில் சிறந்தது இதுதான், தயக்கமில்லாமல் சொல்லலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இந்தத் துண்டு பெரும்பாலும் ஊர்களுக்கு உள்ளே நுழையாமல் ஒதுங்கிப் போகிறது. மீனவ ஊர்கள் இடப்பக்கம் கிளைச்சாலைகளின் முடிவில் இருக்கின்றன. முதல் 20 கி.மீ.க்குள் குலசேகரன்பட்டினம், பிறகு மணப்பாடு. மணப்பாட்டுக்கு மட்டும் கட்டாயம் திரும்புங்கள். 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் கடல் மேட்டின் உச்சியில் நிற்கிறது. கீழே ஆற்றுக் கழிமுகமும் மணல்திட்டும் ஒரே பார்வையில் தெரியும். பாறையோரம் வரை மணல் இருப்பதால் மேட்டடியிலேயே சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து ஏறுவது நல்லது.

அதன்பின் தேரிக்காடு. செம்மணல் மேடும் பனையும் உடைமரமும். பங்குனி, சித்திரையில் பனைக்கடியில் பதநீர் கிடைக்கும். காலையில் குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளிக்கும்.

காற்றுக்கு வருவோம். ஆனியிலிருந்து ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் கச்சான் எனும் மேல்காற்று, ராதாபுரம் வட்டாரத்தில் சாலையின் குறுக்கே அடிக்கும். காற்றாலைகளை அங்கே நட்டிருப்பது இதற்காகத்தான். திருச்செந்தூரிலிருந்து தென்மேற்கே போகிறவருக்கு அது வலப்பக்க முன்புறத்திலிருந்து வரும். நீங்கள் அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவீர்கள். அப்போது ஒரு லாரி வலப்பக்கமாக முந்தினால் காற்று ஒரு நொடி அறுபடும், சாய்வு மட்டும் மிஞ்சும், சைக்கிள் லாரியை நோக்கி ஓரடி நகரும். லாரி கடந்ததும் காற்று திரும்ப அறைந்து இடப்பக்கம் தள்ளும். பின்னால் ஹாரன் கேட்டதும் மிதிப்பதைக் கொஞ்சம் தளர்த்தி, கையைத் தாழ்த்தி டிராப்பில் (ஹேண்டில்பாரின் கீழ்வளைவு) பிடித்து, வெள்ளைக்கோட்டுக்கு இடப்புறம் ஒரு மீட்டர் ஒதுங்கினால் சமாளிக்கலாம். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பவர்தான் விழுவார்.

ஆகவே ஆனி முதல் ஆவணி வரை கன்னியாகுமரியில் தொடங்கித் திருச்செந்தூரில் முடியுங்கள். காற்று பின்னாலிருந்து வரும். அந்தப் பக்கம் மேற்கு மலையின் மழைமறைவில் இருப்பதால் நனையவும் மாட்டீர்கள். மார்கழி முதல் மாசி வரை திருச்செந்தூரில் தொடங்குங்கள். திசையை மாற்றி ஓட்டினால் அதே 90 கி.மீ.க்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் வியப்பில்லை.

அடுத்த தொல்லை முள். உடைமுள் டயரைத் துளைத்து நுனி முறிந்து உள்ளேயே தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அவசரமாகப் புது டியூபைப் போட்டால் அதுவும் கொஞ்ச தூரத்தில் இறங்கும். டயரின் உட்புறத்தில் ஒரு பஞ்சுத் துணியை மெதுவாகச் சுற்றி இழுத்தால் நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். உள்ளிருந்து வெளியே தள்ளி, சிறு இடுக்கியால் எடுக்க வேண்டும். இரண்டு டியூப், ஆறு ஒட்டு, இடுக்கி ஒன்று, பம்பு: இதற்குக் குறைவாக இந்தச் சாலையில் போகாதீர்கள். ஊர்கள் விலகியிருப்பதால் பஞ்சர் கடையும் தண்ணீரும் கூப்பிடும் தூரத்தில் இருக்காது. 750 மில்லி பாட்டில் இரண்டு நிரப்பி, ஒன்றில் உப்புக்கரைசல் பொடி கலந்து, மணப்பாடு விலக்கிலும் உவரியிலும் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிப் படம் எடுக்க நிற்க வேண்டாம்.

குலசை தசரா, கந்த சஷ்டி, வைகாசி விசாகம் ஆகிய நாட்களில் திருச்செந்தூர்ப் பக்கமே வேண்டாம்.

மண்டபம் – அரிச்சல்முனை

மூன்றில் பெயர்பெற்றதும் இதுதான், அமைதி குறைந்ததும் இதுதான். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த 9.5 கி.மீ. சாலைக்காகத்தான் இங்கே வர வேண்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்கள் பக்கத்தில் நிற்க, இரு புறமும் கடல்.

சாலை தென்கிழக்கே நீள்கிறது. தென்மேற்குக் காற்றும் சரி, வடகிழக்குக் காற்றும் சரி, இரண்டுமே சாலைக்குச் செங்குத்தாக வரும். எந்த மாதம் போனாலும், போகும்போதும் வரும்போதும் பக்கக்காற்றுதான். உயரமான ரிம் உள்ள முன்சக்கரம் போட்டால் பாய்மரம் கட்டிய கதையாகிவிடும், 30 மி.மீ.க்கு உள்ளே இருக்கட்டும். காற்று அள்ளிவந்த மணல் சாலையில் நாக்குப்போலப் படர்ந்திருக்கும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மணலின் மேல் பிரேக்கும் திருப்பமும் இல்லாமல் நேராகக் கடந்துவிட வேண்டும்.

பாம்பன் சாலைப் பாலம் 2.3 கி.மீ. ரயில் பாலத்தைப் பார்க்க நிறுத்திய வண்டிகளின் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. இணைப்பு இரும்புப் பட்டைகளைச் செங்கோணத்தில் கடக்கவும். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வு, ராமேசுவரத்தில் தங்கி விடிந்ததும் கிளம்புவது. ஒன்பது மணிக்குள் திரும்பிவிட்டால் வேன்கள் எதிரே வரும், நீங்கள் ஊருக்குள் இருப்பீர்கள். ஆடி, தை அமாவாசைகளில் அந்த உத்தியும் எடுபடாது.

டயரும் ரயிலும்

மூன்றுக்கும் 28 மி.மீ. டயர் போதும். 70 கிலோ எடையுள்ளவர் முன்னே 70, பின்னே 75 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைக்கலாம். 100 அடித்தால் கிராமத்து வேகத்தடைகளில் கையும் முதுகும் நோகும், வேகமும் கூடாது.

பின்காற்றில் ஒரு வழி ஓட்டினால் ரயிலில்தான் திரும்ப வேண்டும். சைக்கிளைப் பார்சலாகப் பதிய, சரக்குப்பெட்டி உள்ள ரயிலாக இருக்க வேண்டும், புறப்படும் அல்லது கடைசி நிலையமாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில் இறக்காமலே கொண்டுபோய்விடுவார்கள். திருச்செந்தூர், கன்னியாகுமரி இரண்டும் கடைசி நிலையங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ராமேசுவரத்துக்கும் ரயில் வருகிறது. பாட்டில், விளக்கு, பம்பைக் கழற்றிப் பையில் வைத்து, டீரெய்லரை அட்டையால் சுற்றிக் கட்டி, பெயரும் ஊரும் எழுதிய சீட்டை இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். கோடியக்கரைக்கு இந்த வசதி இல்லை. அங்கே போகிறவர்கள் வேதாரண்யத்தில் இரவு தங்கி, வாடை எழுவதற்கு முன் விடியற்காலையில் நாகைக்குத் திரும்பலாம்.