ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸா, செஃபிரா? மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளுக்கான இந்த இரண்டு நிகழ்நேர இயங்குதளங்களில் எதைத் தேர்வது?

நினைவகம்: ஃப்ரீஆர்டிஓஎஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 6 முதல் 12 கேபிக்குள் அடங்கும். செஃபிரில் நெட்வொர்க்கும் சேர்ந்தால் 100 கேபியைச் சாதாரணமாகத் தாண்டும்.

டிரைவர்: முன்னதில் சிப் நிறுவனத்தின் நூலகத்தை நீங்களேதான் ஒட்டவேண்டும். பின்னதில் மோட்பஸ், கேன் (தொழிற்சாலை, வாகனக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறைகள்) உள்ளேயே உண்டு. ஆனால் டிவைஸ்ட்ரீயில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு) ஒரு பின் எண் தப்பினாலும் பில்ட் முணுமுணுக்காமல் முடியும். போர்டுதான் ஊமையாக நிற்கும்.

உரிமம்: முன்னதற்கு எம்ஐடி, பின்னதற்கு அப்பாச்சி 2.0. இரண்டிலும் தொல்லையில்லை.

இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் வன்பொருள் அழைப்பு): கார்டெக்ஸ்-எம் வகைச் சிப்புகளில் சிறிய எண்ணே உயர்ந்த முன்னுரிமை. பலர் சறுக்குவது இங்கேதான். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் கெர்னலை அழைக்க அனுமதித்த முன்னுரிமை எல்லையை மீறிய இன்டரப்டிலிருந்து கியூவில் (தகவல் கடத்தும் வரிசை) எழுதினால், என்றோ ஒருநாள் கெர்னல் சிதையும். சோதனை முடியும்வரை அசர்ட்டை (இத்தகைய தவறைப் பிடிக்கும் சரிபார்ப்பு) அணைக்காதீர்கள்.

64 கேபி ஃபிளாஷ், நாலைந்து டாஸ்க் என்றால் ஃப்ரீஆர்டிஓஎஸ். ஈதர்நெட், பாதுகாப்பான ஃபர்ம்வேர் அப்டேட், பலவகை போர்டுகள் என்றால் செஃபிர்.