அம்மாவின் ஹைபெக் சிகிச்சை: சென்னை மருத்துவமனை ஒன்றில் எங்கள் அனுபவம்

அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வயிற்று உள்சவ்வுக்கும் ஒரு சினைப்பைக்கும் பரவியிருந்தது. பெண்களுக்குச் சினைப்பையில் பரவும் கட்டி பெரும்பாலும் கீமோவுக்கு அவ்வளவாக அடங்காது என்று அறுவை நிபுணர் படம் வரைந்தே விளக்கினார். முதலில் கீமோ, அப்புறம் கட்டிகளோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டு, சுமார் 42 டிகிரி சூட்டில் மைட்டோமைசின் மருந்தை ஒன்றரை மணி நேரம் வயிற்றுக்குள் சுற்றவிட்டார்கள். இந்தச் சூட்டுக் கீமோவைத்தான் ஹைபெக் என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த அறுவை நிபுணரின் நேர்மை. பிரான்சின் புரோடிஜ் 7 ஆய்வில் அறுவையோடு ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தால் சூட்டுக் கீமோவைச் சேர்த்தும் ஆயுள் கூடவில்லை, கட்டியை முழுக்க எடுப்பதுதான் முக்கியம் என்று அவரே சொன்னார். முழுக்க எடுக்க முடியாவிட்டால் சூட்டுக் கீமோ செய்ய மாட்டேன் என்றார். இப்படிப் பேசும் மருத்துவரை நம்பி அம்மாவை ஒப்படைக்கலாம்.

ஸ்டோமா பையை (வயிற்றில் போட்ட துளை வழியே வரும் மலத்தைச் சேர்க்கும் பை) மாற்ற அம்மாவுக்கே பொறுமையாகக் கற்றுக்கொடுத்த நர்ஸை மறக்கவே முடியாது.

பில்லிங் பிரிவு மட்டும் மோசம். சூட்டுக் கீமோவுக்கான குழாய்த் தொகுப்பின் விலையை முதல் மதிப்பீட்டில் சேர்க்கவே இல்லை. காப்பீட்டு நிறுவனமும் அதற்குப் பணம் தர மறுத்தது. சேரும் முன்பே அந்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.